திருச்சிக்கு நாலு மணி நேரம்

ஜூலை 4, வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. அப்பா திருச்சிக்குக் கிளம்பினார், அங்கிருந்து வேளாங்கண்ணி. இந்த வருடம் மூன்றாவது தடவை. அம்மா உயிரோடு இருந்தவரை, கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்றவர். சாங்கி விமான நிலையம்வரை வருகிறேன் என்றேன். "எதுக்கு? நீ வேலைக்குப் போ லா."

பத்து மணி விமானம். கிளினிக்கில் நான் மதியச் சாப்பாட்டைப் பிரிக்குமுன்பே மெசேஜ்: "இறங்கியாச்சு ஸ்டெல்லா."

எப்படி? திருச்சிக்கு நாலு மணி நேரம்.

தம்பி சேவியருக்குப் போன். "இந்தியாவுல மணி பின்னாடிலா அக்கா. ரெண்டரை மணி நேரம் கம்மி." அது அங்குள்ள கடிகாரத்துக்கு. என் போன் காட்டுவது சிங்கப்பூர் நேரம். சொன்னேன். "ஐயோ அக்கா, மீட்டிங்ல இருக்கேன்."

ஜூலை 5, சனி
தூரம் பார்த்தேன். திருச்சி கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் எங்கே இறங்கலாம்? மேடான். பினாங்கு. ஃபுக்கெட். அப்பாவும் ஃபுக்கெட்டுமா! சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பினாங்கு என்றால் ஆஸ்பத்திரி. எதிர்வீட்டு அங்கிள் இருதய ஆபரேஷனுக்கு அங்கேதான் போனார். அப்பா மெலிந்திருக்கிறாரோ?

தேக்கா சந்தையில் மீன், முருங்கைக்கீரை. தையல்கடைக்காரர் கூப்பிட்டார். "அப்பாவோட சட்டை ரெடிம்மா. இந்தத் தடவ கலர்ல கேட்டாரு." கலரிலா?

ஜூலை 8, செவ்வாய்
வந்துவிட்டார். மாதா எண்ணெய் இல்லை, படம் இல்லை. பையில் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய், பினாங்குக்குப் போகிறவர்கள் வாங்கிவருவது. டப்பாவில் எழுதியிருப்பதெல்லாம் மலாய் மொழி.

"வேளாங்கண்ணியில வாங்குனீங்களாப்பா?"

"ஆமா... இல்ல, திருச்சியில."

அதற்குமேல் முடியவில்லை. "பினாங்குல எந்த ஆஸ்பத்திரிப்பா? என்ன நோய்?" அழுதுவிட்டேன்.

பயந்துபோனார். "ஆஸ்பத்திரி இல்லம்மா. ஒருத்தங்க இருக்காங்க."

பிலோமினா. கணவரை இழந்தவர். பினாங்குக் கோயிலில் பாடகர் குழு. நம் பங்குக் கோயிலிலிருந்து மலேசியச் சுற்றுலா போனபோது பழக்கமாம். இரண்டு வருடமாக. "கல்யாணம் பண்ணிக்கலாம்னு."

நோயில்லை என்ற நிம்மதி ஒரு நிமிடம். பிறகு கோபம். எனக்கு வந்த வரன்களை நான் தட்டிக்கழித்ததே இவர் தனியாகிவிடுவாரே என்றுதான். அதைச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரங்களையும்.

ஜூலை 13, ஞாயிறு
பூசைக்குத் தனித்தனி பஸ். அப்பா மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தார். மாலையில் நானே பேச்செடுத்தேன்.

"அவங்களப் பாக்கணும்பா. நானும் வரேன்."

முகம் வெளுத்துவிட்டது. "இப்பவேவா? கொஞ்ச நாள் போகட்டுமே."

சந்தோஷப்பட வேண்டியவர் ஏன் இழுக்கிறார்? இன்னும் ஏதோ இருக்கிறது. டிக்கெட்டை நானே போட்டேன்.

ஜூலை 19, சனி
பினாங்கு. நல்ல வெயில். அறுநூறு கிலோமீட்டர்தான், காப்பி ஆறுமுன் இறங்கும் அறிவிப்பு. திருச்சியாக இருந்தால் என்ன பேசுவதென்று யோசித்திருக்கலாம். அப்பா வழியெல்லாம் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே பச்சைப் புடவையில் ஒருவர். அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ நல்ல மனசும்மா உனக்கு. ஆரம்பத்துலயே நீ சம்மதிச்சதாலதான் நானும் சரின்னேன்."

"எப்ப சம்மதிச்சேன்?"

"ரெண்டு வருஷம் முன்னால. உங்கப்பா சொன்னாரே?"

"எனக்குத் தெரிஞ்சதே போன வாரம் செவ்வாய்க்கிழமைதான், ஆன்ட்டி."

என் கையை அவர் விடவில்லை. இருவரும் சேர்ந்து திரும்பினோம்.

அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி. இருப்பது ஒரே ஒரு சின்னப் பெட்டி.