எஸ்தரின் வேதபுத்தகத்துக்கு மெழுகு

1934 ஜூலை, ஞாயிறு இரவு.

மனைவி எஸ்தருக்கு நான் பைண்டு செய்து கொடுத்த வேதபுத்தகத்தின் சிவப்புத் தோல் அட்டை, இன்று மழை ஈரத்தில் சாயம் விட்டு அவளது வெள்ளைப் புடவையைக் கறையாக்கிவிட்டது. ஆராதனை முடியும்வரை கையால் மறைத்தபடியே நின்றிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா விசனப்படுவியள்லா?"

ஊரார் புத்தகங்களையெல்லாம் சாயம் போகிறதா என்று ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் நான், வீட்டுப் புத்தகத்துக்கு அதைச் செய்யவில்லை.

அரக்கு பூசினால் ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் அவள் தினமும் விரிப்பவள்; பூச்சு மடிப்பில் வெடித்துவிடும். மிச்சச் சாயத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் தேன்மெழுகு வாங்கித் தேய்க்கலாம் என்றேன். மாதாமாதம் மறுபடி தேய்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"நல்லதுதான். மாசத்துல ஒரு நாளாவது நீங்களும் வேதபுத்தகத்தக் கையில எடுப்பியளே" என்றாள்.