பட்டறைக்கு வந்த கதவு

ஜூன் 3, 2025

பேருந்து தாமதம். வில்லியனூரில் எங்கள் அலுவலகம், முதலாளி சுரேஷ்குமாரின் குடும்பத்து இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே ஆணி விற்கிறார்கள். மேலே, ஆளில்லாத தீவில் பலர் சேர்ந்து பிழைத்துக் கிடக்கும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம். அதில் எந்தப் பொருள் எதற்கு உதவும் என்று விளக்கச் சீட்டு எழுதுவது என் வேலை. கல்லை எடுத்தால் ஒரு சீட்டு திறக்கும், நாரை எடுத்தால் இன்னொன்று. ஆடுபவர்கள் திறந்த வேகத்திலேயே மூடிவிடுகிறார்கள் என்று இன்று தெரியவந்தது. இத்தனை பேர் திறந்து, ஒருவரும் படிக்காத நூலை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

ஜூன் 5

முதலாளியிடம் சொன்னேன்: சீட்டுகளை எடுத்துவிடலாம். ஒருவர் தீவின் பட்டறையில் ஒரு பொருளைச் செய்யும்போது, பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் அது தெரிந்துவிட வேண்டும். சமையலையும் சைக்கிளையும் நாம் அப்படித்தானே கற்றோம்?

"கடையில சாமான் மேல எழுதி ஒட்னா படிச்சிட்டுதானம்மா வாங்குறான்?"

"கீழ யாரும் படிக்கல சார். உங்கப்பாவத்தான் கேக்குறாங்க."

முதலாளி கீழே கடையை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கணக்கு எழுதும் சகாயராணி இதுவரை எந்த விளையாட்டும் ஆடியதில்லை. மாதக் கடைசிக்குள் அவள் பிறரைப் பார்த்தே தோணி செய்யக் கற்றுவிட்டால் என் முறை நிலைக்கும். நான் வாய் திறக்கக் கூடாது. அவள் தோற்றால் சீட்டுகள் திரும்பும். நான் வேலையை விட்டு என் ஊர் குருவிநத்தத்துக்கே திரும்பலாம்.

ஜூன் 10

வெளியாட்களைச் சேர்த்துச் சோதனை தொடங்கியது. மண்ணாடிப்பட்டிலிருந்து ஆடும் அய்யனார் என்ற பையனும் அவன் கூட்டாளிகளும் எதையெதையோ கட்டிப் பார்த்து, மதியத்துக்குள் தோணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 11

தோணி கிடைத்ததும் கடலில் இறங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். பட்டறையைச் சுற்றி மதில் எழுப்பிக் கதவு வைத்திருக்கிறார்கள். மதில் கட்டவும் சீட்டு கிடையாது. அதை மட்டும் யாரும் யாரையும் பார்த்துக் கற்கவில்லை.

ஜூன் 16

சகாயராணி வந்து நின்றாள். "நான் கிட்ட போனா கதவ சாத்திக்கிறானுங்கக்கா. போ அந்தாண்டன்றான். இத்தப் பாக்க எதுக்குக்கா கம்ப்யூட்டரு? எங்க சொந்தக்காரங்க வூட்டு கல்யாணத்துலயே பாத்துட்டேனே."

சிரித்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17

ஏன் சாத்துகிறார்கள்? கற்றுக்கொடுத்தால் அவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. அவர்கள் தோணி அவர்களிடமே இருக்கும். கடலும் தீர்ந்துபோகாது — பிறகு உறைத்தது. எல்லாரிடமும் தோணி இருந்தால் அய்யனார் யார்?

மருந்து ஒன்று தோன்றியது: கற்றுக்கொடுத்தவரின் தோணி வேகமாக ஓடட்டும். முதலாளியிடம் ஓடினேன்.

"டெஸ்ட் நடக்கசொல்ல நடுவுல கை வெக்காதம்மா."

"முடிஞ்சதும்?"

"அப்ப பாத்துக்கலாம்."

ஜூன் 23

சகாயராணி தீவில் மரம் வெட்டுகிறாள், அய்யனார் கூட்டத்துக்காக. காலையிலிருந்து அதே வேலை.

"எதுக்குடி இது?"

"உள்ள விடுவாங்களாம்க்கா." கண் திரையை விட்டு நகரவில்லை.

சீட்டைப் படித்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்? அந்தப் பொண்ணு சோறுகூடத் திங்கல —

ஜூன் 26

உள்ளே விட்டார்கள்.

ஜூன் 27

சகாயராணி தோணி செய்துவிட்டாள். அலுவலகமே கைதட்டியது. முதலாளி சமோசா வாங்கிவரச் செய்தார். நான் வென்றுவிட்டேன்.

"தோணிதான் இருக்கே, தீவை விட்டுப் போகலியா?" என்று கேட்டேன்.

"இருங்கக்கா. இப்பத்தான உள்ள வந்தன்."

ஜூன் 30

வேறு பெயரில், புதிய ஆளாகத் தீவுக்குள் நுழைந்து பார்த்தேன். பேசினால் தெரிந்துவிடும் என்பதால் மைக்கை அணைத்துவிட்டு, 'தோணி செய்வதைப் பார்க்கலாமா?' என்று தட்டச்சு செய்தேன். பட்டறை வாசலில் நின்றேன்.

"யாரு, புதுசா? போ போ. மொதல்ல மரம் கொண்டா, அப்புறம் பாக்கலாம்."

சகாயராணியின் குரல். ஒரு காதில் ஹெட்போன் வழியாகவும், மறு காதில் பக்கத்து மேசையிலிருந்தும் கேட்டது. உள்ளே யாரோ சிரித்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. அவள் என் பக்கம் திரும்பி, "கேமு இப்ப சூப்பரா இருக்குக்கா" என்றாள்.

மாலையில் முதலாளி மேலே வந்தார். "கதவு நல்லா எடுபடுது ஜெயசித்ரா. அதுக்கு ஒரு பூட்டு வெச்சா இன்னா?" பூட்டைப் பற்றி அவர் குடும்பத்துக்கு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை.

வேகமாக ஓடும் தோணியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. சோதனை அறிக்கையில் ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: 'புதியவர்கள் சீட்டு இல்லாமலே எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார்கள்.'

நாளை முதல் பூட்டை வடிவமைக்க வேண்டும்.