எட்டு மணிக்கு வரும் மகள்

மார்ச் 4

என் வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன்! முதியோர் வகுப்பு டீச்சரம்மா எப்படியோ கற்றுக்கொடுத்துவிட்டார். ஐம்பது வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது.

போட்டி முடிந்து நீ வெளியே வந்த பிறகுதான் கடிதத்தை உன்னிடம் கொடுப்பார்களாம். இருக்கட்டும். நீதான் தினமும் எட்டு மணிக்கு டி.வி.யில் வந்துவிடுகிறாயே! போட்டிக்காக உங்களை அடைத்துவைத்திருக்கும் அந்த வீட்டில் நீ சாப்பிட உட்காரும்போது நானும் தட்டை வைத்துக்கொள்கிறேன். நீ வேலைக்கென்று கிளம்பிப் போனதிலிருந்து இத்தனை நாள் சேர்ந்தாற்போல் உன்னைப் பார்த்ததே இல்லை.

போனில் வரும் ஓட்டுப் பட்டியலில் உன் பெயரை நானே படித்து, நானே அழுத்துகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர், "என்ன பெரியவரே, பொண்ணை அங்கேயே குடிவெச்சிடுவீங்க போலிருக்கே!" என்கிறார்.

உன் அப்பா

மார்ச் 21

வாலு,

டீக்கடையில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "உங்க பொண்ணு நல்லா நடிக்குதுய்யா" என்றான் ஒருவன். எனக்குத் தெரியாதா? பொய்யாக அழும்போது நீ மூக்கை உறிஞ்சமாட்டாய். நேற்று உறிஞ்சினாய். கேமராவைப் பார்த்து, "எனக்கு யாரும் ஓட்டுப் போடாதீங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்றாய்.

நீ வந்துவிட்டால் எட்டு மணிக்கு டி.வி.யில் யார் வருவார்கள்? ஆனாலும் இன்று உன் பெயர்வரை போன விரலை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்துவிடும்மா. உன் அறைக்கு நீ கேட்ட இளநீலம் அடித்துவைக்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பா,

வெளியே வந்ததும் உங்கள் கடிதங்களைக் கொடுத்தார்கள். நீங்களா எழுதினீர்கள்! நீங்களே படித்துவிடுவீர்கள் என்பதால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

என் ஃப்ளாட்டுக்கு வந்து மூன்று நாள் தூங்கினேன். உள்ளே இருந்தபோது இந்தக் கட்டிலுக்குத்தான் ஏங்கினேன். அதற்குள் வேறு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது விட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் அப்பா. கொஞ்சம் ஓய்ந்ததும் வருகிறேன். மாத்திரையை மறக்காதீர்கள்.

வாலு

ஏப்ரல் 12

என் வாலுக்குட்டிக்கு,

என் பெயருக்கு வந்த கடிதத்தை முதல்முறையாக நானே படித்தேன்! தபால்காரர் வழக்கம்போல் படித்துக்காட்டப் பிரிக்கப் போனார். "குடுய்யா இங்கே" என்று வாங்கிக்கொண்டேன்.

கட்டிலைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். தப்பாகப் படித்தேனோ என்று மறுபடியும் எழுத்துக்கூட்டினேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன். டீச்சரம்மா கேட்டால் சந்தோஷப்படுவார்.

நீ தூங்கினாயே, அது போதும். உன் அறை ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன், பெயிண்ட் வாடை போகட்டும்.

புது நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று நீ எழுதவில்லை. அதை மட்டும் ஒரு வரி எழுதிவிடு. அதற்குத் தகுந்தாற்போல் தட்டை வைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா