உன் வண்டியின் கீச்சுச் சத்தம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் நலமாகத்தான் இருக்கிறது, இப்போதைக்குக் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. நீ அங்கே நலம் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நினைப்பாய். முதலில் சாப்பிட்டுவிட்டு வா, பிறகு நிதானமாகப் படி.

விஷயம் உன் வண்டியில் ஆரம்பித்தது பாப்பா. சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று நீ போனதிலிருந்து அதில்தான் அச்சகத்துக்குப் போய் வருகிறேன். கொஞ்ச நாளாக அதை ஓட்டுவதே ஒரு சுகமாக இருந்தது. காலை வெயில் மரங்களுக்கு நடுவே விழுந்து கிடக்கும், வண்டி தரையில் போகிறதா மிதக்கிறதா என்று தெரியாது, இஞ்சின் சூடு மட்டும் காலில் வெதுவெதுவென்று படும், மற்றபடி உலகத்தையே பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி இருக்கும். சில நாள் அச்சக வாசல் வந்தது தெரியாமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். நான் ஊற்றிய புது ஆயில்தான் காரணம் என்று எனக்குள் ஒரே பெருமை. ஆனால் அம்மாவைப் பின்னால் ஏற்றினால் போதும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கீச்சு கீச்சென்று கத்துகிறதே, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று முதுகில் தட்டுவாள். எதிர்வீட்டு டீச்சரம்மாவோ, சார் தெரு முனையில் திரும்பும்போதே எங்கள் பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது என்றார். ஆளாளுக்கு என்னை ஓட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் அம்மா அடம்பிடித்து என்னையும் வண்டியையும் மெக்கானிக்கிடம் இழுத்துப் போனாள். உனக்குத் தெரியுமே, ஒல்லி என்று பட்டப்பெயர், கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாரே அவர்தான். முதலில் செயினைச் சந்தேகப்பட்டு எண்ணெய் விட்டார். சத்தம் போகவில்லையாம். சீட்டைக் கழற்றிப் பார்த்தார், ஸ்டாண்டு ஸ்பிரிங்கை அசைத்துப் பார்த்தார், ஊஹும். பிறகு வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டார், அது ஒவ்வொரு தடவையும் கத்தியதாம். பின்சக்கரத்துக் குலுக்கலைத் தாங்குகிற ஷாக்தான் என்று முடிவாயிற்று, ஆனால் இரண்டு ஷாக்கில் எது, அதிலும் மேல் முனையா கீழ் முனையா என்று தெரிய வேண்டும். சீட்டை மாட்டி அம்மாவை ஏறி உட்காரச் சொன்னார். சத்தத்துக்குக் காரணம் என் கனம்தான் என்று யாராவது சொன்னால் இனிமேல் இந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் உன் அம்மா ஏறினாள். ஒல்லி ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, ஷாக்கை போல்ட்டில் மாட்டுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் மேல் ஒவ்வொன்றாக ஊற்றி அழுத்திப் பார்த்தார். எந்தப் புஷ் நனைந்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் தேய்ந்துபோன புஷ் என்று கணக்கு. என்னையும் மதித்து எந்தப் பக்கம் சார் என்று கேட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, வலது என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கத்தியது இடது பக்கம்.

ஒல்லி தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார். சார், நான் பேசும்போது நீங்க என் வாயையே பார்க்கறீங்க என்றார். பிறகு என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார், சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்கள் என்றார். நின்றேன். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்திருந்தது, அதில் தூசி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, எல்லாம் எங்கோ தண்ணீருக்கடியில் நடப்பது போல அமைதியாக இருந்தது. ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவர் இருபது தடவை அழுத்தி முடித்துவிட்டாராம். அம்மா வண்டியிலிருந்து இறங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒல்லி நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை இடது பக்கக் கீழ் போல்ட்டில் ஊன்றி, பிடியை என் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தார். அம்மாவை அழுத்தச் சொன்னார். அப்போது கேட்டது பாப்பா. தலைக்குள்ளேயே யாரோ இருந்து கூப்பிடுகிற மாதிரி, அவ்வளவு சின்னக் குரல். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குக் கை வலித்திருக்கும், அழுத்திக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் அம்மா சொன்னாள். இந்த லீவுக்கு வருவதா வேண்டாமா என்று நீ யோசிக்கிறாயாம், வந்தால் அப்பா பேசுவாரா என்று கேட்டாயாம். நீ கிளம்பின அன்றைக்கு, அவ்வளவு தூரம் போய்த்தான் பிழைக்கணுமா என்று நான் கேட்டதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். அதற்குப் பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும், சாப்பிட்டியா, சரி அம்மாகிட்ட குடுக்கறேன் என்று ஃபோனைத் தள்ளிவிட்டேன் இல்லையா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாய். அம்மாவும் அப்படியேதான் நினைத்தாளாம். முப்பது வருஷம் அச்சு மிஷின் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய ஆள் நான், எதிரில் நிற்பவர் சொல்வதெல்லாம் புரிந்துவிடும், அதனால் எனக்கே தெரியவில்லை. ஃபோனுக்கு உதடு இல்லையே. வீடியோவில் வந்தால் உன் வாய் ஒன்று சொல்லும், சொல் பின்னால் தனியாக வரும், இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். உன் குரல் சின்ன வயதிலிருந்தே மெல்லிய குரல். லைன் சரியில்லை என்று நினைத்தேன், நீ அவசரத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன், என்னைத் தவிர எல்லாவற்றையும் குறை சொன்னேன். மத்தியானம் கண்ணயரும்போது மட்டும் கனவில் நீ வந்து பேசுகிறாய், வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறாய், ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது. விழித்தபின் என்ன சொன்னாய் என்பது மட்டும் நினைவில் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்.

திங்கட்கிழமை காது டாக்டரிடம் போனோம். தடித்த சத்தமெல்லாம் கேட்கும், மெல்லியதும் கீச்சென்றதும்தான் போய்விட்டது என்றார். பயப்பட ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் காது மிஷின் வந்துவிடும், பழகக் கொஞ்ச நாள் ஆகும். நீ இதை நினைத்துக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, இதை அம்மா எழுதச் சொன்னாள்.

வண்டிக்கு இடது பக்கம் மட்டும் இல்லாமல் நாலு புஷ்ஷும் புதிதாகப் போட்டாயிற்று. சத்தம் சுத்தமாகப் போய்விட்டது என்று ஒல்லி சொல்கிறார், அம்மா சொல்கிறாள், டீச்சரம்மாவும் பூனை நிம்மதியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, இன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் அவர்கள் சொல்வதால் நம்பி ஓட்டுகிறேன். உன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை பாப்பா. நீயும் நான் சொல்வதால் இதை நம்பு, லீவுக்குக் கிளம்பி வா.

நீ நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கூப்பிடு, நடந்துகொண்டே பேசாதே, நிதானமாகப் பேசு. ஃபோனை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா