சேற்றுக் கைக்கு ஒரு மணி

மாசி 9, ஞாயிறு

சேற்றுக் கையால் தொட்டால் போனில் எதுவும் நகராது. அதை முதலில் கவனித்தவள் நான்தான்.

தக்காளித் தோட்டத்து மண் காய்ந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் பெட்டி ஒன்றைப் பெரியப்பா மகள் ரம்யா அக்கா கல்லூரியில் செய்தாள். களை எடுக்கிறவர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. "பெட்டியே மணி அடிச்சா நல்லா இருக்கும்க்கா" என்று அவளிடம் மட்டும் சொன்னேன்.

இன்று பெட்டி மணி அடித்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"எங்க தோட்டத்துக்கும் ஒண்ணு செஞ்சு குடு கண்ணு. யாரு யோசனை இது?" என்றார் அத்தை.

"என்னோடதுதாங்க அத்தை" என்றாள் ரம்யா அக்கா.

பக்கத்தில்தான் நின்றேன். எட்டாவதோடு படிப்பை விட்ட நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போனபின் பெட்டியைத் திருப்பி, அடியில் ஆணியால் என் பெயரைக் கீறினேன்.