சத்திரத்துக்கு வாருங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் ஊர்ச் சத்திரத்தை இடித்துக் கடை கட்டக் கேட்ட உங்கள் மனு நேற்று கிராம சபையில் தோற்றுப்போனது. எதிர்த்துப் பேசியது நான்தான்.

நூற்றிருபது வருடக் கட்டடம், சுவர் உறுதியாக இருக்கிறது என்றேன். யாரும் அசையவில்லை. அப்புறம் பால் சொசைட்டி பொற்கொடி அக்கா எழுந்தார்.

"ஏனுங்க, அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரையோட வாரவங்க எங்கீங்க தங்குவாங்க? கைப்புள்ளையோட நான் ஊட்டை உட்டு வந்தப்ப அங்கதானுங்க படுத்தேன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. இன்று காலையே ஓடு மாற்றத் தொடங்கிவிட்டோம்.

அப்பாவின் காரியத்தன்று, என் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்றீர்கள். மிதிக்க வேண்டாம். ஆடியில் சந்தைக்கு வாருங்கள், சத்திரத்தில் தங்குங்கள். அது யார் வீடும் இல்லை.

சாப்பாடு மட்டும் நான் கொண்டுவருவேன்.

உங்கள் தங்கை