கட்டுமாவடிக்கு ஒரு தேதி

மதினி,

இன்று காலை காரைக் கழுவலாமென்று மிதியடிகளை எடுத்து வாசலில் உதறினேன். இடப்பக்க முன்சீட்டு மிதியடியிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. லேசான உப்பு வாசனை, அதற்குள் மீன் வாசனை. ராஜபாளையத்து மண்ணுக்கு அந்த வாசனை கிடையாது. நீங்கள் போன இந்த ஒன்றரை வருஷத்தில் இந்தக் காரை எத்தனையோ தடவை கழுவியிருக்கிறோம். உங்கள் காலடி மிதியடியை மட்டும் யாரும் தொடவில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் டேஷ்போர்டைத் திறந்தேன். நாலாக மடித்த காலண்டர் தாள். உரக்கடைக்காரர் வருஷாவருஷம் தருவாரே, அந்த மாதக் காலண்டர். உங்கள் பச்சை மையில் ஒரு சனிக்கிழமை அடிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஓர் அம்புக்குறி. அம்புக்குறியின் முனையில் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஒன்றரை வருஷம் தாமதம். நம் பிள்ளை கோதை இப்போது மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில், என் கணவரின் அக்கா கோர்ட்டில் வேலை பார்க்கிறவர் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குக் கட்டுகளை அடுக்கி, கேஸ் கூப்பிட்டு, வாய்தா தேதி எழுதுகிறவர். வீட்டுக்கு மூத்தவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், தானே கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர். என்னிடம் என்னென்ன விசாரணை நடக்குமோ என்று நினைத்திருந்தேன். முதல் வாரமே சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்:

“ஏட்டி, கன்னியாகுமரியில இருந்து மெட்ராஸ் வரைக்கும் கடலோரமாவே கார்ல போறதுன்னு ஒரு திட்டம் வச்சிருக்கேன். வாரியா?”

நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார்கள். “கடலைப் பாக்கணும்னா திருச்செந்தூர் போயிட்டு வா. அம்புட்டுக் கடலும் ஒண்ணுதான்.”

“அம்புட்டுக் கல்யாணமும் ஒண்ணுதான்னு நீ ஒரு கல்யாணத்தோட நிப்பாட்டுதியாம்மா? பத்திரிகை வச்ச வீடு ஒண்ணு விடுதியா?”

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தக் கல்யாணங்கள்தான் நம் பயணத்துக்கு எமனாக வந்தன. தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தமுள்ள மாதம் எல்லாம் யாராவது ஒருவருக்கு விசேஷம். கல்யாணம் இல்லாத மாதமாகப் பார்த்து ஆடியைப் பிடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். ஊரெல்லாம் நம் வீட்டுக்கு வரும்போது நாம் எங்கே கிளம்புவது? மார்கழியைப் பிடித்தால் ஆண்டாளுக்கு நீராட்டம். “கல்யாணம் இல்லாத மாசம் பூரா நம்ம ஆண்டாளே எடுத்துக்கிட்டா. இனி பதிமூணாவதா ஒரு மாசம்தான் கண்டுபிடிக்கணும்” என்று காலண்டர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றீர்கள்.

மற்றவர்களாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். நீங்கள் விடவில்லை. ஒரு தேதி தள்ளிப் போகிறதென்றால், அது தள்ளிப் போகிற அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று, அதை அடித்துவிட்டு அம்புக்குறி போட்டு அடுத்த தேதியை எழுதுவீர்கள். நாகர்கோவிலில் திடீரென்று ஒரு நிச்சயதார்த்தம் என்று போன் வந்தபோது, போனைக் காதில் வைத்துக்கொண்டே மறுகையால் எழுதினீர்கள். நான் சிரித்தேன்.

“சிரிக்காத. தேதி போட்டுத் தள்ளுனா அது வாய்தா. தேதி போடாமத் தள்ளுனா கைவிட்டாச்சுன்னு அர்த்தம். எங்க கோர்ட்டுல எத்தனை கட்டு அப்படித் தூசி தின்னுட்டுக் கெடக்கு தெரியுமா?”

அந்த நாகர்கோவில் நிச்சயதார்த்தத்தில்தான் உங்களுக்கு இன்னொரு யோசனை தோன்றியது. மொத்த ரோட்டையும் ஒரே மூச்சில் போக முடியாவிட்டால் என்ன? விசேஷம் எந்தப் பக்கம் கூப்பிடுகிறதோ அந்தப் பக்கத்துக் கடலோரத்தை ஒரு துண்டு முடித்துவிடலாம். பந்தி முடிந்த கையோடு, பட்டுப்புடவையோடு, கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர் வரை முதல் துண்டு. அடுத்த வருஷம் ராமநாதபுரத்தில் ஒரு கிரகப்பிரவேசம்; திருச்செந்தூரிலிருந்து அதுவரை இரண்டாவது துண்டு. என் தம்பியைச் சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றச் சென்னைக்குப் போனபோது, திருச்சி வழியாகப் போகவேண்டிய காரை நாகப்பட்டினத்துக்குத் திருப்பினீர்கள்; அங்கிருந்து சென்னை வரை மூன்றாவது துண்டு. பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் பிடித்துக்கொண்டே என் தம்பி பின்சீட்டில் கேட்டான், “அக்கா, இவங்க என்னைய விமானத்துல அனுப்புறாங்களா, கப்பல்லயா?”

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே போனால் கடல் வலது கைப்பக்கம். ஓட்டுகிறவருக்குத்தான் கடல் பக்கத்தில். அதனால்தான் என்னை லைசென்ஸ் எடுக்க வைத்தீர்கள். “பாதி ரோடு உனக்கு, பாதி எனக்கு. கடலும் அப்படித்தான் பங்கு.” நான் ஓட்டும்போது, லாரி எதிரே வரும் நேரமாகப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். “ஏன் மதினி மூடுறீங்க?” என்றால், “பயம் ரெண்டு பேருக்கும் எதுக்கு? நீ பயப்படு, நான் செத்த நேரம் தூங்குதேன்” என்பீர்கள்.

ராமநாதபுரத்திலிருந்து கட்டுமாவடி வரை வந்தது கோதைக்கு ஆறு மாதமாக இருக்கும்போது. நான் அன்றைக்குக் காய்ச்சல் மருந்து, உப்புக் கரைசல், இரண்டு தெர்மாமீட்டர் என்று ஒரு மருந்துக்கடையையே பையில் வைத்திருந்தேன். சாலையோர டீக்கடையில் கோதைக்குப் பால் ஆற்றிக் கொடுத்த அம்மாவிடம் நீங்கள் சொன்னீர்கள், “அக்கா, இந்த இடத்துல இருந்து நாகப்பட்டினம் வரைக்கும்தான் எங்களுக்குப் பாக்கி. அடுத்த தடவை உங்க டீயைக் குடிச்சிட்டுத்தான் வண்டியை எடுப்போம். நீங்கதான் சாட்சி.”

அந்த அம்மா அசரவில்லை. “சாட்சிக்கு வர்றேன். ரெண்டு வடையும் சேத்துச் சாப்பிட்டுப் போங்க.”

பாக்கி இருந்தது அரை நாள் ரோடு. அதற்கு ஆவணியில் ஒரு சனிக்கிழமை குறித்தோம். அந்தச் சனிக்கிழமைக்கு நீங்கள் மதுரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். வயிற்றில் கட்டி என்று சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து இந்தத் தாளை எடுத்தீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து எப்போது கிழித்துக்கொண்டு வந்தீர்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தேதியை அடித்தீர்கள், அம்புக்குறி போட்டீர்கள், என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

“சொல்லு. என்ன தேதி?”

கோதையின் டாக்டர் தேதி, என் கணவரின் மில் லீவு, எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவள் நான். கணக்கு படித்தவள் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அன்றைக்கு என் வாயில் ஒரு தேதியும் வரவில்லை. ஏதாவது ஒன்றைச் சொன்னால் அது பொய்யாகிவிடுமோ என்று பயம்.

“பொறவு பாப்போம் மதினி. மொதல்ல உடம்பு சரியாகட்டும்.”

நீங்கள் பேனாவை மூடினீர்கள். “இந்தக் கோர்ட்டுல அப்படி வழக்கம் இல்லையேட்டி” என்று சிரித்தீர்கள். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம். பதினோரு நாளில் போய்விட்டீர்கள்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மில்லில் இருந்த உங்கள் தம்பிக்கு ஜெர்மனியில் நூற்பு இயந்திரக் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது. நாளை மறுநாள் இரவு சென்னையிலிருந்து விமானம். கிளம்புவதற்கு முன்னால் கோதைக்குக் காது குத்திவிட வேண்டும் என்றார்கள் அத்தை. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், தாய்மாமன் சிங்கப்பூரில். அவன் லீவை வைத்துத்தான் தேவதானம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தோம். அதற்குப் பிறகு கடலோரத்துக்கென்று மூன்று நாள் ஒதுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். அவன் லீவு நாலு நாள் தள்ளிப் போயிற்று. காதுகுத்தும் தள்ளிப் போயிற்று. என் மூன்று நாளில் மிச்சம் ஒன்றுமில்லை.

நேற்றுத்தான் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார்ந்து கோதை ஊரே கேட்க அழுதாள். தோடு மாட்டியதும் கண்ணாடி கேட்டாள். வீட்டுக்கு வந்து பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது நான் மெதுவாகக் கடலோரத்தைச் சொன்னேன். உங்கள் தம்பி எரிச்சல்படவில்லை. அதுதான் கஷ்டம். “இத்தனை பெட்டியை வச்சிக்கிட்டு எப்படிம்மா? மதுரையில இருந்து மெட்ராசுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. ரெண்டு வருஷத்துல வருவோம்ல, பொறவு பாத்துக்கலாம்.”

நான் சரி என்று தலையாட்டினேன். நேற்று ராத்திரி முழுக்க அந்தத் தலையாட்டலோடுதான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் சாமான்களோடு காருக்கு வந்திருந்த இந்தத் தாள் இன்று காலை கையில் வந்தது. முனையில் தேதி இல்லாத அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கணக்கு. காலை நாலரைக்குக் கிளம்பினால் மதுரை, புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகப் பத்தரைக்குக் கட்டுமாவடி. அங்கே டீ. முத்துப்பேட்டை, வேதாரண்யம் சுற்றிச் சாயங்காலத்துக்குள் நாகப்பட்டினம். இரவு அங்கே தங்கல். மறுநாள் மத்தியானம் தாண்டிச் சென்னை. விமானத்துக்கு அதன் பிறகும் நேரம் இருக்கிறது. எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று யார் சொன்னது?

தாளும் கையுமாக உள்ளே போனேன். “என்னங்க, நீங்க பெட்டியோட விமானத்துல போங்க. நான் கோதையோட கார்ல வாரேன். திரும்பி வண்டியைக் கொண்டாரதுக்குச் சின்னக் கொழுந்தன் கூட வரட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். உங்கள் பச்சை மை அவருக்குத் தெரியாதா? “அது உங்க ரெண்டு பேர் கேஸ்” என்றார். “நான் அதுல சாட்சி கூடக் கெடையாது. பெட்டிக்குக் காவலா வேணும்னா போறேன்.”

சின்னக் கொழுந்தன் உடனே சம்மதித்தான். அத்தைதான் பிடிவாதம். “நேத்துக் குத்துன காது. உப்புக் காத்து ஆகாது. சீழ் பிடிச்சா அந்தக் குளிர் ஊர்ல யாரு பாப்பா? எதுக்குட்டி இந்த வேண்டாத வேலை?”

பழைய நானாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே காரைக் கொட்டகையில் விட்டிருப்பேன். காது எனக்கும் பயம்தான். மருந்துப் பை இப்போதும் அதே எடை. ஆனால் அந்தப் பயத்தைக் கையில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்ட முடியும் என்று உங்களோடு போன ரோடுகளில் பார்த்திருக்கிறேன். “காதுக்குத் துணி கட்டிக் கூட்டிட்டுப் போறேன் அத்தை. மருந்தும் கேட்டு வாங்கிட்டேன்” என்றேன்.

அத்தை கோதையின் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. “போனா எப்பத் திரும்பி வருவீக?”

இரண்டு மாதமாக எல்லோரும் அத்தைக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: பார்ப்போம், லீவு கிடைக்கட்டும், டிக்கெட் விலை குறையட்டும். நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். மகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர்களிடம், மகனையும் பேத்தியையும் அனுப்பப் போகிறவர்களிடம், தேதி போடாமல் வாய்தா வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி மூடுவார்கள் என்றார். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் இங்கே மார்கழி. கல்யாணம் இல்லாத மாதம். காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, டிசம்பர் தாளைப் புரட்டி, மார்கழி ஏழாம் தேதியை வட்டமிட்டேன். பென்சிலால் இல்லை. அவரை அங்கேயே உட்கார வைத்து டிக்கெட்டும் பார்க்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இந்தா அத்தை, இந்தத் தேதி. அப்ப நீங்களும் எங்க கூட வரணும். கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம், மலையாளத்துக் கடலோரம். அது இடது கைப்பக்கக் கடல். உங்க சீட்டுலதான் கடல் வரும்.”

உங்கள் தாளில் அம்புக்குறியின் முனையில் நாளைய தேதியையும் எழுதிவிட்டேன், மதினி. என் மை நீலம். அதை மடித்துக் கோதையின் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துப் போவது அது மட்டுமில்லை. கொஞ்ச நாளாகவே கோதை எதைக் கேட்டாலும் ‘அப்புறம்’ என்று வாயில் வரும். இனி அந்தச் சொல்லை நிறுத்தப் போகிறேன். சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை, மார்கழி ஏழு என்றுதான் சொல்லப் போகிறேன். முடியாமல் போனால் அவள் கண் முன்னாலேயே அம்புக்குறி போடுவேன்.

கோதை புரளுகிறாள். எழுந்துவிடுவாள்.

இன்னும் ஒன்று, மதினி: நான் தேதியைச் சொன்னதும் அத்தை காலண்டரை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். தாங்களே கொண்டுபோய் ஆணியில் மாட்டி, கோணல் நிமிர்த்தினார்கள். அப்புறம் சமையலறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“டிசம்பர் வரைக்கும் நான் சும்மா இருக்க முடியுமாட்டி? நாளைக்கு நானும் வாரேன். எம் மக சீட்டுல துண்டை விரிச்சு வையி.”